பனிக்கு வைத்த பத்திரிகை

சாத்தூரில் உரக்கடை வைத்திருந்த வீரபாகுவுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற குணமும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவதுதான், அதுவும் வாயால் கூப்பிட்டு மனசால் மறந்துவிடுகிற ஊர் வழக்கப்படி இல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, "அவசியம் வரணும், வராட்டி நான் வருத்தப்படுவேன்" என்று கூப்பிடுவது. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் வந்தார், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் குணமாகிக் குடும்பத்தோடு வந்தார், ராங் நம்பரில் பேசிய ஒருத்தர் பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். கூப்பிடுகிறவர் வீரபாகு, உலை வைக்கிறவள் செண்பகவல்லி. "உங்க வாய்க்கு ஒரு பூட்டு செய்யச் சொல்லி திண்டுக்கல்லுக்கு எழுதிப் போடப் போறேன்" என்று அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட மனுஷரோடு ஐரோப்பா போகவேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது. மகள் லோசனி சென்னையில் வேலை பார்க்கிறவள், தன் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவையும் அப்பாவையும் ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பவேண்டும் என்று ஆசைப்பட்டு டிக்கெட் எடுத்துவிட்டாள், எடுத்த பிறகு கோவில்பட்டி சம்பந்தம் அமைந்து ஆனி மாதத்துக்கு முகூர்த்தமும் குறித்தாயிற்று. டிக்கெட்டை மாற்ற முடியாது என்றார்கள், முகூர்த்தத்தை மாற்ற யாருக்கும் மனசில்லை. பத்திரிகை அச்சாகி வந்தது. அந்த வீட்டு முறைப்படி முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு, அதற்குப் பிறகுதான் ஊரும் உலகமும். குலதெய்வத்துக்கு வைத்தாயிற்று. தாய்மாமன் பரமகுரு, செண்பகவல்லியின் ஒரே அண்ணன், ராஜபாளையத்துக்காரர், அந்தச் சமயம் பார்த்து மதினியோடு காசிக்குப் போயிருந்தார். அதனால் செண்பகவல்லி ஒரு ஏற்பாடு செய்தாள்: திரும்பி வரும்போது விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கும், வீட்டுக்குப் போகாமல் வருகிற வழியிலேயே ராஜபாளையம் போய் அண்ணன் வாசலில் நின்று பத்திரிகை வைத்துவிடுவது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே தன் கையால் அண்ணன் பேரும் மதினி பேரும் எழுதி, குங்குமச் சிமிழோடும் சின்னத் தாம்பாளத்தோடும் அந்த இரண்டாவது பத்திரிகையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் விமானம் ஏறினாள்.

ஐரோப்பா அவளுக்குப் பிடிக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் கிளமென்ட் என்ற தூத்துக்குடிப் பையன், ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது உலகப் பாரம்பரியச் சின்னம், எல்லாரும் நல்லாப் பாத்துட்டு, பாத்ரூம் போயிட்டு, டக்குனு வந்துருங்க" என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரே ராகத்தில் சொல்வான். எந்தச் சின்னமாக இருந்தாலும் பஸ் அதற்கு ஒரு மைல் தள்ளித்தான் நிற்கும், அங்கிருந்து கல் பாவிய தெருவில் முழங்கால் கழன்றுவிடும்படி நடக்க வேண்டும், நடந்து போனால் சின்னத்தின் பாதியைச் சாரம் கட்டி மூடியிருப்பார்கள், மீதிப் பாதிக்கு முன்னால் ஆயிரம் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கூடவே வந்த சமையல்காரர் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து எலுமிச்சைச் சாதம் பரிமாறுவார், அந்தக் காற்றில் சாதம் தட்டிலிருந்து வாய்க்குப் போவதற்குள் ஆறிப்போகும். "இதைப் பாக்கவா பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இம்புட்டுத் தூரம் வந்தோம்" என்று செண்பகவல்லி பக்கத்து சீட்டுக்காரி புஷ்பவனம் டீச்சரிடம் முணுமுணுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த டீச்சர் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, போனை உயர்த்தி வீடியோ எடுத்து உடனே எல்லாக் குடும்ப குரூப்பிலும் போட்டுவிடுவாள்.

வீரபாகு மட்டும் திருவிழாவுக்குப் போன பிள்ளை மாதிரி இருந்தார். கொலோன் நகரத்துக் கோயிலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும்வரை கும்பிட்டுவிட்டு, "ஒரு தடவை நம்ம ஊருக்கு அவசியம் வரணும்" என்றார். புரூஷ் நகரத்து வாய்க்காலிடம் குனிந்து, "எங்க வைப்பாறு காஞ்சு கிடக்கு, வந்தீங்கன்னா அதுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்" என்றார். பின்னால் பீசாவுக்குப் போனபோது சாய்ந்த கோபுரத்திடம், "அவசரமில்ல, பாத்து மெதுவா வாங்க" என்றும் சொன்னார். செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "அது கல்லுங்க, கல்லு." "இருக்கட்டுமே, நம்மளப் பாத்துட்டு இத்தன நேரம் நின்னுச்சில்ல, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்றதுல என்ன கொறஞ்சு போச்சு" என்பார் அவர்.

சுவிட்சர்லாந்தில்தான் வந்தது வினை. மலையைக் குடைந்து போகிற ரயிலில் ஏற்றி, மூச்சு முட்டுகிற உயரத்தில் இறக்கி, ஒரு கதவைத் திறந்து வெளியே விட்டார்கள், வெளியே அலெட்ச் பனியாறு கிடந்தது. மலைகளுக்கு நடுவே, கண் போகிற தூரம்வரை, சத்தமில்லாமல், ஒரு பெரிய மனுஷர் துண்டை விரித்துப் படுத்திருப்பதைப்போல அது படுத்திருந்தது. மஞ்சள் மூக்கும் சிவப்புக் காலும் கொண்ட கரிய காக்கைகள் அதன் மேலே வட்டமிட்டன. வீரபாகு இரண்டு கையையும் கூப்பி அதைக் கும்பிட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செம்பகம், அந்தப் பத்திரிகையை எடு" என்றார்.

"எதை?"

"பையில இருக்குல்ல, அதைத்தான். இவ்வளவு பெரிய ஆளை வெறும் வாய்வார்த்தையாக் கூப்பிட்டா நல்லாருக்குமா?"

"உங்களுக்கென்ன கிறுக்கா? அது அண்ணனுக்கு உள்ளது."

"மச்சானுக்கு நம்ம வீட்ல கட்டுக்கட்டா இருக்கு, வேற ஒண்ணுல மஞ்சள் தடவிக்கிரலாம். இவுகளை நாம இனி எப்ப வந்து கூப்பிடப் போறோம்?"

அவள் மாட்டேன் என்றாள், அவர் பையைத் திறந்தார், அவள் பையை இழுத்தாள், காற்று இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளியது, பின்னால் வந்தவர்கள் வழிவிடச் சொல்லி நெருக்கினார்கள், அவள் செருப்புக்குள் பனி புகுந்து விரல்கள் மரத்துப்போயின. பத்திரிகை வைக்கும்போது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது முறை; அவர் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு அவளுக்காகக் காத்து நின்றார். "வச்சுத் தொலைங்க, காலு விறைக்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றதும், எத்தனையோ கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துப் பழகிய அவள் வாய், அவளைக் கேட்காமலேயே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது: "குடும்பத்தோட முன்னாடியே வந்திருந்து நடத்திக் குடுக்கணும்." சொன்ன மாத்திரத்தில் காற்று தாம்பாளத்திலிருந்த பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியின் மேல் போட்டது, பனி அதை மூடிக்கொண்டது. புஷ்பவனம் டீச்சர் முழுவதையும் வீடியோ எடுத்திருந்தாள்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து, வேறொரு பத்திரிகையில் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனபோது பரமகுரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மதினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செண்பகவல்லி தாம்பாளத்தை நீட்டினாள், அவர் திரும்பவில்லை.

"இது எத்தனாவது பத்திரிகை, தாயி?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவரே தொடர்ந்தார்.

"மொத பத்திரிகை சாமிக்கு, ரெண்டாவது மாமனுக்கு. நம்ம அப்பாவும் அம்மாவும் நடந்தே போயி அவுக அவுக வாசல்ல நின்னு வச்சாக. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நேர்ல போயி முறையாச் சொல்லணும்னு சொல்லிச் சொல்லித்தான் நம்மளை வளத்தாக. நீ ரெண்டாவதை எங்க வச்சேன்னு ஸ்ரீவில்லிபுத்தூரே பாத்துச்சு." பரமகுரு சுவரைப் பார்த்தே பேசினார். "எம்பேரு எழுதின பத்திரிகையைப் பனியில போட்டுட்டீங்க. அந்தப் பனியவே மாலை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

"மச்சான், தப்பு என்மேல..." என்று வீரபாகு ஆரம்பித்தார்.

"மாப்ள, காபி ஆறுது" என்றார் பரமகுரு.

தாய்மாமன் மாலை எடுத்து வந்து, கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் பெண் மணவறைக்குப் போகலாம். ஒன்றுவிட்ட மாமனை நிறுத்தலாம், ஊரில் யாரையாவது மாமனாக்கலாம், செய்கிறவர்கள் செய்கிறார்கள். ஆனால் உயிரோடு இருக்கிற ஒரே அண்ணன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க இன்னொருத்தன் கையில் மகளைக் கொடுக்க செண்பகவல்லிக்கு மனசு ஒப்பவில்லை. அவள் புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். வீரபாகு முதல் தடவையாக யாரையும் எங்கேயும் கூப்பிடாமல் கடைக்குப் போய்விட்டு வந்தார்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமலும் இருக்கையில், தெருவில் மூட்டம் போட்டிருந்தது. வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த செண்பகவல்லியின் காலடியில் தெளிக்காமலேயே ஈரம் கிடந்தது. நிமிர்ந்தாள். வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் பனியாறு வந்து உட்கார்ந்திருந்தது. ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கல்யாண வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் ஒடுங்கித்தானே உட்கார வேண்டும். அதனால் அது தன்னைச் சுருக்கிக்கொண்டு இரண்டு லாரி நிறுத்துகிற இடத்துக்குள் அடங்கியிருந்தது. குடும்பத்தோடு வரச் சொன்னதால் குடும்பத்தோடு வந்திருந்தது: முதுகில் ஒரு பாறாங்கல், தலைமேல் கொஞ்சம் மேகம், விளிம்பில் வரிசையாக அந்த மஞ்சள் மூக்குக் காக்கைகள். உள்ளே, கண்ணாடிக்குள் வைத்ததுபோல, நாலு மூலையிலும் மஞ்சளோடு பத்திரிகை தெரிந்தது. மண்டபத்து விலாசம் தெரிய வேண்டும் என்று பத்திரிகையைக் கையோடு கொண்டு வருகிறவர்கள் உண்டுதானே, அப்படிக் கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துகொண்டது. "வந்துட்டாகளாம் உங்க ஆளு. போயி வாங்கன்னு சொல்லுங்க."

தெரு பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. வீரபாகு கூப்பிட்டு யார் வராமல் இருந்தார்கள்? எதிர்வீட்டு மிக்கேலம்மாள் வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டு ஆளா, பொண்ணு வீட்டு ஆளா?" என்று மட்டும் கேட்டாள். பொண்ணு வீடு என்றதும், "தூரத்துச் சொந்தமோ?" என்றாள். கல்யாணத்துக்கு வந்தவரைப் பார்த்து எந்த பஸ்ஸில் வந்தீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்கலாம், அதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை என்பதால் கடலை எப்படிக் கடந்தது என்று யாரும் கேட்கவில்லை. வீரபாகு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார், பனிக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படி என்று யோசித்துத் திரும்பி வந்து சூடாகக் காபி எடுத்துக்கொண்டு ஓடினார், பனி ஒரு முழம் பின்வாங்கியது. "அவுகளைக் கொல்லாதீங்க" என்று செண்பகவல்லி கத்தினாள்.

பத்து மணிக்கெல்லாம் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஆனி மாத வெயிலில் அந்த மனையைச் சுற்றி மட்டும் மார்கழியாக இருந்தது, கரண்ட் போனால் யாரும் கரண்டு ஆபீசைத் திட்டவில்லை, விசிறியைக் கீழே வைத்துவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு வந்து பனிக்குப் பக்கத்தில் விரித்தார்கள். பூக்காரிகள் மல்லிகைக் கூடையை அதன் மேலேயே வைத்து விற்றார்கள், பால்காரர் பாக்கெட்டுகளை அடுக்கினார், ஃபிரிட்ஜ் கடைக்காரர் மட்டும் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அதன் காலடியிலிருந்து கசிந்த தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக வந்தன, வரிசையில் சண்டை வந்தது, சண்டை போட்டவர்களுக்கு ஜலதோஷம் வந்தது. கோவில்பட்டியிலிருந்து சம்பந்தியம்மா பந்தக்கால் பார்க்கிற சாக்கில் வந்து நோட்டம் விட்டு, "எங்க பக்கத்துலயும் பெரிய மனுசங்க இருக்காக, ஆனா இப்படி மனையை அடைச்சுக்கிட்டு உக்கார மாட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளமென்ட் போன் செய்தான். "சார், அந்த மலையில ஒரு பக்கம் பள்ளமா இருக்காம், அடுத்த குரூப் என்னைப் போட்டு வறுக்காங்க." வீரபாகு, "கல்யாணத்துக்கு வந்திருக்காக தம்பி, முடிஞ்சதும் அனுப்பி வச்சிருவோம்" என்றார்.

எரிச்சலெல்லாம் செண்பகவல்லிக்குத்தான். மொட்டை மாடியில் காயப்போட்ட வடகம் காயவில்லை, அப்பளம் நமுத்துப் போயிற்று, துவைத்த துணி ஈரமாகவே கொடியில் தொங்கியது. இட்லிக்கு ஆட்டி வைத்த மாவு பொங்கவில்லை. கல்யாணச் சமையல்காரர் கையை விட்டுப் பார்த்து, "யக்கா, இது மாவில்ல, களிமண்ணு, இந்தக் குளிர்ல கல்யாணத்தன்னிக்குக் காலையில நான் இட்லி போட மாட்டேன், வேணும்னா உப்புமா" என்றார். பெண் வீட்டில் உப்புமாவா என்று அவளுக்கு அழுகை வந்தது. வந்த விருந்தாளியிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்க முடியாது, அது கேட்காமலே கிளம்பிக்கொண்டிருந்தது என்பதுதான் அதைவிடப் பெரிய தொல்லை. காலையில் மாடி உயரம் இருந்தது மத்தியானம் ஜன்னல் உயரம் ஆயிற்று. திட்டிக்கொண்டே அவள் உரக்கடைச் சாக்குகளையெல்லாம் எடுத்து வரச்சொல்லி, நனைத்து, பனியின் மேல் போர்த்தினாள், அதற்கு மேல் மில்லிலிருந்து உமி கொண்டுவந்து கொட்டினாள். "வந்த இடத்துல இப்படிக் கரையுறதுக்கா வந்தே? வேலை வெட்டி இல்லாம ஒருத்தர் கூப்பிட்டார்னா, உனக்கெங்க போச்சு புத்தி?" என்று அதனிடமே கேட்டாள். கேட்டுவிட்டுச் சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

இரண்டாம் நாள் மண்டபத்துக்குச் சாமான் ஏற்ற வந்தவர்களில் ஒருத்தன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "யக்கா, மாமன் கோவமே இந்தப் பத்திரிகைக்குத்தானே? இங்கனதான இருக்கு. கடப்பாரையால ரெண்டு போடு போட்டா எடுத்துறலாம். எடுத்துக்கிட்டுப் போயி அவர் கையில குடுத்துருங்க." நல்ல யோசனையாகத்தான் பட்டது. கடப்பாரையும் வந்தது. வீரபாகு பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். லோசனி, "அம்மா, மாமா வரணும்மா" என்றாள். செண்பகவல்லி சாக்கை விலக்கிப் பார்த்தாள். அண்ணன் பேரும் மதினி பேரும் தன் கையெழுத்தில், ஆழத்தில், அது எந்த இடத்தை நெஞ்சென்று வைத்துக்கொண்டிருந்ததோ அந்த இடத்தில் இருந்தன. கடப்பாரை போட்டால் அங்கேதான் போட வேண்டும்.

"வேணாம்" என்றாள்.

"யக்கா..."

"குடுத்த பத்திரிகையைத் திருப்பிப் புடுங்குறதா? வீட்டுக்கு வந்தவுக நெஞ்சைப் பொளந்து எடுத்து என் அண்ணன் கோவத்தைத் தணிக்கணுமா? எடுத்துட்டுப் போடா அந்தக் கம்பியை." அதற்கப்புறம் அவள் உட்கார்ந்து அழுதாள், அண்ணன் வராத கல்யாணத்துக்காக வாய்விட்டு அழுதாள், பனியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுததால் மூக்கும் சேர்ந்து ஒழுகியது. காக்கைகள் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன.

முகூர்த்தத்தன்று காலையில் காலி மனை காலியாக இருந்தது. சாக்குகள் மடித்து வைத்ததுபோலக் கிடந்தன, பாறாங்கல் மட்டும் இருந்தது, மேற்கே சிவகாசிப் பாதையில் ஈரத்தடம் ஒன்று போயிருந்தது. "கல்யாணத்துக்குன்னு வந்துட்டுக் கல்யாணத்தன்னிக்கு எங்க போச்சு?" என்று செண்பகவல்லிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குளிர் விட்ட சமையற்கட்டில் மாவு பொங்கி வழிந்தது, இட்லி பூவாக வந்தது, அதுகூட அவளுக்கு ஆத்திரத்தைத்தான் கொடுத்தது. சொல்லாமல் கொள்ளாமல் போவதா? தாம்பூலம்கூட வாங்கிக்கொள்ளாமல்?

மண்டபத்தில் மேளம் வாசித்தார்கள். மாப்பிள்ளை மணவறையில் வந்து உட்கார்ந்தார். "தாய்மாமன் பொண்ணை அழைச்சிட்டு வரலாம்" என்று குரல் கொடுத்தார்கள், யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை குரல் கொடுத்தார்கள். சம்பந்தியம்மா திரும்பித் தன் பக்கத்து ஆட்களைப் பார்த்தாள். நாலு பேர் நாலு மாமன்களின் பேரைச் சொன்னார்கள், ஒருத்தர் எழுந்து வேட்டியைச் சரிசெய்யவும் ஆரம்பித்தார். செண்பகவல்லி அலங்கரித்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள், விடவில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பரமகுரு இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, தோளில் மாலை, ஒரு கையில் காசியிலிருந்து கொண்டுவந்த செப்புச் சொம்பு, இன்னொரு கையில் மஞ்சள் கரைந்து ஒழுகுகிற பத்திரிகை. பின்னால் மதினி சீர்த்தட்டோடு ஓடிவந்தாள். சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தாண்டி வருகிற அந்தப் பாதை மழைக்கல்ல, வெயிலுக்குப் பேர்போன பாதை.

"கதவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு, தாயி" என்றார், தங்கையைப் பார்த்து, மூச்சு வாங்கியபடி. "நீதான்னு நெனச்சுத் தெறக்காம இருந்தேன். அப்புறமும் தட்டுச்சு. தெறந்தா வாசல்ல நிக்குது. ஒரு சின்னப் புள்ள உசரந்தான் இருந்துச்சு. என் கண்ணு முன்னாடியே குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. உள்ள எம்பேரு. உங் கையெழுத்து. நான் கைய நீட்டுற வரைக்கும் கரையாமப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு, தாயி. வாங்கிக்கிட்டேன். வாங்கினதும் அப்படியே தண்ணியாப் போயிருச்சு. கீழ விழ விடல நான், இந்தச் சொம்புல ஏந்திட்டேன்."

விருந்தாட வரவில்லை அது. ஆள் மாறி வந்த பத்திரிகையை உரியவர் கையில் சேர்த்துவிட்டுப் போகத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறது. செண்பகவல்லிக்கு அது புரிந்தபோது அவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள், வராமல் இருந்ததற்கு அவர் முதுகில் இரண்டு அடி போடவும் செய்தாள். பரமகுரு மருமகளுக்கு மாலையைப் போட்டார், கையைப் பிடித்தார், மணவறைக்கு அழைத்துப் போனார்.

தாரை வார்க்கிற நேரம் வந்தபோது வீரபாகு மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார், செண்பகவல்லி அந்தச் சொம்பிலிருந்துதான் தண்ணீர் வார்த்தாள். ஆனி மாத வெயிலில், ஓம நெருப்புக்குப் பக்கத்தில், அந்தத் தண்ணீர் சில்லென்று விழுந்தது, மாப்பிள்ளை உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார், லோசனி சிரித்துவிட்டாள். பாதியை வார்த்துவிட்டு செண்பகவல்லி கையை நிறுத்திக்கொண்டாள். மீதிப் பாதியை ஏன் வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

மறுவீடு முடிந்தது, பந்தல் பிரித்தார்கள், சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். காக்கைகள் மட்டும் கிளம்பவில்லை. காலி மனையில் அந்தப் பாறாங்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு செண்பகவல்லியின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சோறு வைத்தாள், தின்றன, மறுபடியும் பார்த்தன. "என்னையே ஏன் பாக்குறீங்க, நானா கரைச்சேன்?" என்று விரட்டினாள், போகவில்லை. சாமி அலமாரியில் வைத்த செப்புச் சொம்பு எந்நேரமும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள். "அவுக வீட்டுக்குத் தகவல் சொல்லணும்."

"கிளமென்ட் தம்பிக்கு ஒரு போன் போட்டு..." என்றார் வீரபாகு.

"நல்லாருக்குங்க. நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்த இடத்துல அவுக வீட்டு ஆளு போயிருச்சு, அதைப் போன்ல சொல்லிருவோமா? ரெண்டு பேருமா நேர்ல போயி நின்னு சொல்லணும். அந்தக் கல்லையும் காக்காயையும் கொண்டுபோய் விடணும். எப்படிக் கொண்டு போவீங்கன்னு எனக்குத் தெரியாது, கூப்பிட்டது நீங்கதான்."

அவள் எழுந்துபோய்ச் சொம்பை எடுத்து வந்து, வாயைத் துணி வைத்துக் கட்டி மெழுகு போட்டு அடைத்தாள், அதைத் தன் கம்பளிச் சட்டைக்குள் சுற்றினாள், போன தடவை கால் விறைத்த ஞாபகம் வந்து இரண்டு ஜோடி காலுறையும் எடுத்து வைத்தாள்.

"ஏங்க, இதை அங்க கொண்டுபோயி ஊத்தினா மறுபடி உறைஞ்சிருமில்ல?" என்று, ஏதோ அவர்தான் அதைத் தடுத்துக்கொண்டிருப்பதுபோல, அதட்டிக் கேட்டாள்.

"உறைஞ்சிரும்னுதான் நெனக்கிறேன்."

"உறைஞ்சிரும்" என்றாள் அவள். பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்து பூட்டினாள். "ஆனா ஒண்ணு இப்பவே சொல்லிப்புட்டேன். அங்க வந்து நீங்க வாயே திறக்கக் கூடாது. யாரையும் ஒரு வார்த்தை வாங்கன்னு கூப்பிடக் கூடாது."

"சரி."

"லோசனி வளைகாப்புக்கு நானே கூப்பிட்டுக்குறேன்."